கல்லூரி ஆட்டத்துக்கு டிக்கெட்: வரிசையா, குலுக்கலா, நன்கொடையா, மறுவிற்பனையா?

ஆகஸ்ட் பிறந்துவிட்டால் எனக்கு இரண்டு விதமான தொலைபேசி அழைப்புகள் வரும். முதலாவது, அமெரிக்காவுக்கு மேற்படிப்புக்கு வந்து பெட்டியைக்கூட இன்னும் முழுசாகப் பிரிக்காத பிள்ளைகளிடமிருந்து. டியூக் பல்கலையில் சேர்ந்த என் அக்கா மகன் இந்த வருடம் கேட்டது: "மாமா, கூடைப்பந்து சீசன் டிக்கெட் வேணும்னா ரெண்டு ராத்திரி வெளியில படுக்கணுமாம். அதுக்கப்புறமும் குலுக்கல்தானாம். இது என்ன கூத்து?"

இரண்டாவது, பல்கலை ஊர்களில் பல வருடமாகக் குடியிருக்கும் குடும்பங்களிடமிருந்து. நண்பர் ஒருவர் சொன்னார்: "பதினோரு வருஷமா ஸ்டேடியத்துலேர்ந்து மூணு மைல்ல இருக்கோம். ஆட்ட நாள் டிராஃபிக்ல மாட்டினதைத் தவிர வேற ஒண்ணும் பாத்ததில்லை. உள்ள போறதுக்கு என்னதான் வழி?"

இரண்டு பேருக்கும் ஒரே பதில் கிடையாது. மிச்சிகன் பல்கலையின் ஃபுட்பால் (நம்மூர்க் கால்பந்து இல்லை, அமெரிக்க ஃபுட்பால்) மைதானத்தில் 1,07,601 பேர் உட்காரலாம். டியூக்கின் கூடைப்பந்து அரங்கமான கேமரனில் 9,314 பேர்தான். ஆனால் லட்சம் இருக்கை இருக்கிற இடத்திலும் சீசன் டிக்கெட்காரர், மாணவர், எதிரணிக்கான ஒதுக்கீடு, விளம்பரதாரர் என்று கழித்துக்கொண்டே வந்தால், தெருவில் போகிறவர் கவுன்டரில் வாங்குவதற்கு மிஞ்சுவது கொஞ்சம்தான். அதனால் உள்ளே போகிற நான்கு வழிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம்.

## எதை வைத்து எடை போடுவது?

டிக்கெட்டில் அச்சிட்ட விலையை முதலில் மறந்துவிடுங்கள். நான் பார்ப்பது இவை:

- மொத்தச் செலவு. டிக்கெட், கட்டணம், நன்கொடை, பார்க்கிங் எல்லாம் சேர்த்து.
- நேரம். எத்தனை மணி நேரம், எத்தனை ராத்திரி.
- நிச்சயம். இவ்வளவும் செய்த பிறகு உள்ளே போவேனா, மாட்டேனா?
- யாருக்குக் கதவு மூடுகிறது. ஒவ்வொரு முறையும் யாரையோ வெளியில் நிறுத்துகிறது. அந்த ஆள் நாமாக இருந்தால் அந்த வழியில் மெனக்கெடுவது வீண்.

கடைசியாகச் சொன்னதைப் பலரும் நியாயம் அநியாயம் பற்றிய பேச்சு என்று தள்ளிவிடுவார்கள். ஆனால் நடைமுறையில் அதுதான் முதல் கேள்வி. கல்விக் கட்டணத்தோடு விளையாட்டுத் துறைக்கும் ஒரு தொகையைக் கட்டாயமாக வாங்குகிற பல்கலைகள் பல உண்டு. கட்டியவருக்கு அங்கே இடம் கிடைக்கிறதா என்று கேட்பதில் தப்பே இல்லை.

## வரிசை

வரிசை என்றால் டியூக்கைத்தான் சொல்லவேண்டும். 1986 முதல் அங்கே மாணவர்கள் அரங்கத்துக்கு வெளியே கூடாரம் போட்டுத் தங்குகிறார்கள். டியூக் கூடைப்பந்து அணியின் முன்னாள் பயிற்சியாளர் மைக் ஷெஷெஃப்ஸ்கியின் பெயரால் அந்தப் புல்வெளிக்கு ஒரு ஊர்ப் பெயரே வந்துவிட்டது. பிள்ளைகள் சுருக்கமாக 'கே-வில்' என்பார்கள். வட கரோலினா பல்கலையோடு நடக்கும் ஆட்டத்துக்காகத்தான் இத்தனை பாடு. ஒரு கூடாரத்துக்குப் பன்னிரண்டு பேர். கறுப்பு, நீலம், வெள்ளை என்று மூன்று தரம்: கறுப்புக் கூடாரக்காரர்கள் ஜனவரியிலேயே தொடங்கிவிடுவார்கள், ராத்திரியில் பெரும்பாலானோர் அங்கேயே படுக்கவேண்டும். வெள்ளைக்குக் கெடுபிடி குறைவு, ஆனால் வரிசையில் பின்னால்தான் நிற்கவேண்டும். வரிசைக் கண்காணிப்பாளர்களும் மாணவர்களே. நடுராத்திரியில் திடீரென்று கூப்பிட்டுத் தலை எண்ணுவார்கள். இருக்கவேண்டிய ஆள் இல்லையென்றால் போச்சு. குளிர் ஒரு அளவுக்கு மேல் போனால் மட்டும் அறைக்குப் போகச் சொல்லிவிடுவார்கள்.

இளநிலை மாணவருக்கு டிக்கெட் இலவசம். 'இலவசம்' என்ற அந்த வார்த்தையில்தான் ஏமாறுகிறோம். உறைநிலைக்குக் கீழே தாங்கும் தூக்கப்பை, நல்ல கூடாரம், கெட்டுப்போன தூக்கம், தள்ளிப்போன பாடம் எல்லாவற்றுக்கும் விலை உண்டு. சனிக்கிழமை ராத்திரி உணவகத்தில் வேலை பார்த்துப் படிக்கிற பையனுக்கும், கைக்குழந்தையோடு ஆராய்ச்சிப் படிப்பில் இருக்கிற பெண்ணுக்கும், முதுகுவலிக்காரருக்கும் அந்தக் கூடாரத்தில் இடமில்லை. 'யார் முதலில் வந்தாலும் அவர்களுக்கு' என்பது கேட்கச் சமத்துவமாகத்தான் இருக்கும். ஆனால் முதலில் வர முடிந்தவர்கள் யார் என்று பார்த்தால் பெரும்பாலும் வேலைக்குப் போகத் தேவையில்லாத பிள்ளைகள்.

டெக்சாஸ் ஏ அண்டு எம் பல்கலையில் இதற்கு ஒரு சின்னத் திருத்தம் வைத்திருக்கிறார்கள். ஃபுட்பால் ஆட்ட வாரத்தில் திங்கட்கிழமை இறுதியாண்டு மாணவர், செவ்வாய் மூன்றாமாண்டு, அப்புறம் இரண்டாமாண்டு, கடைசியில் முதலாமாண்டு என்று நாள் பிரித்து டிக்கெட் வாங்க விடுகிறார்கள். வரிசை இருக்கிறது, ஆனால் எல்லாரும் ஒரே நாளில் முட்டிக்கொள்வதில்லை. படிக்கிற காலம் முழுவதும் ஒருமுறையாவது முன்வரிசை முறை எல்லாருக்கும் வரும்.

வரிசை யாருக்குச் சரி? வயது இருபது, உடம்பு திடம், பதினோரு நண்பர்கள், ஒரே ஒரு பெரிய ஆட்டம். இந்த நான்கும் இருந்தால் யோசிக்கவே வேண்டாம். அந்தக் கூடார ராத்திரிகள்தான் பிறகு பல வருடம் பேசப்படும். ஆட்டத்தில் யார் ஜெயித்தார்கள் என்பதே மறந்துபோகும். ஊர்க்காரருக்கோ இந்த வரிசையில் இடமே கிடையாது, மாணவர் அட்டை வேண்டும்.

## குலுக்கல்

டியூக்கிலிருந்து பத்து மைல் தள்ளி இருக்கும் வட கரோலினா பல்கலையில் அரங்கம் பெரிசு, 21,750 இருக்கை. அங்கே மாணவர் டிக்கெட்டுக்குக் குலுக்கல். இணையத்தில் பெயர் கொடுத்துவிட்டுத் தூங்கப் போகலாம். விழுந்தால் விழும்.

நேரச் செலவு இல்லை. வேலைக்குப் போகிறவரும் குழந்தை வைத்திருப்பவரும் மற்றவரோடு சமமாக நிற்பது இந்த ஒரு முறையில்தான். எனக்கு இதுதான் பிடிக்கும். அதை மறைத்துக்கொண்டு நடுநிலை பேசப் போவதில்லை. ஆனால் ஓட்டைகள் உண்டு. டிக்கெட் மாணவர் அட்டையோடு பிணைந்திருக்காவிட்டால் ஆட்டத்தில் ஆர்வமே இல்லாதவர்களும் பெயர் கொடுப்பார்கள், விழுந்ததும் விற்பார்கள். நண்பர்களோடு போக நினைத்தால் உங்களுக்கு விழும், அவர்களுக்கு விழாது. விழுந்த டிக்கெட்டுக்குப் போகாமல் இருந்தால் அடுத்த முறை வாய்ப்பைக் குறைக்கிற பல்கலைகளும் உண்டு. அதனால் மறுநாள் தேர்வை வைத்துக்கொண்டு, செவ்வாய்க்கிழமை ராத்திரி ஒன்பது மணிக்கு ஏதோ ஒரு சுமாரான அணியோடு நடக்கும் ஆட்டத்துக்குப் போய்க் கொட்டாவி விட வேண்டி வரும்.

அக்கா மகன் கேட்ட கூத்து, வரிசையும் குலுக்கலும் கலந்த ஒன்று. டியூக்கில் முதுநிலை மாணவர்களுக்கு இலையுதிர் காலத்தில் ஒரு வார இறுதி முகாம்; ஏறத்தாழ 36 மணி நேரம். எந்த நேரத்திலும் ஊதல் ஊதி வருகைப் பதிவு எடுப்பார்கள். தப்பிப் பிழைத்தவர்கள் பெயரை மட்டும் குலுக்கலில் போடுவார்கள். விழுந்தவருக்குச் சீசன் டிக்கெட்டைக் காசு கொடுத்து வாங்கும் உரிமை கிடைக்கும். கூடாரத்தில் படுக்க விரும்பாதவர்கள் வாடகை லாரி எடுத்து அதற்குள் மெத்தை போட்டுக்கொள்வதும் நடக்கும். ஒரு குழுவாகச் சேர்ந்து, யாருக்கு விழுந்தாலும் ஆட்டங்களைப் பங்கு போட்டுக்கொள்வோம் என்று முன்கூட்டியே பேசிவைப்பவர்கள் கெட்டிக்காரர்கள். எட்டுப் பேர் குழுவில் மூன்று பேருக்கு விழுந்தால்கூட எல்லாரும் சில ஆட்டம் பார்த்துவிடலாம்.

பொதுமக்களுக்குக் குலுக்கல் அபூர்வம். கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் தேசிய அமைப்பான என்.சி.ஏ.ஏ.வின் ஆண்கள் கூடைப்பந்து 'இறுதி நால்வர்' (கடைசி நான்கு அணிகள் மோதும்) சுற்றுக்கு யாரும் விண்ணப்பிக்கும்படி குலுக்கல் இருந்துவருகிறது. ஆனால் உங்கள் ஊர்ப் பல்கலை தன் சனிக்கிழமை ஆட்டத்துக்கு, ஊர்க்காரர் பெயரை எழுதிப்போட ஒரு பெட்டி வைப்பதைப் பெரும்பாலும் பார்க்க முடியாது. ஐந்து சதவீத இருக்கையைக் குலுக்கலுக்கு ஒதுக்கினால் குடி முழுகிப் போகாது. ஏன் ஒதுக்குவதில்லை என்றால், அதற்குப் பதில் அடுத்த பகுதியில் இருக்கிறது.

## நன்கொடையோடு சீசன் டிக்கெட்

ஊர்க்காரர்களுக்குப் பல்கலை அதிகாரபூர்வமாகத் திறந்து வைத்திருக்கும் பெரிய வாசல் இது. ஆனால் நுழைவாயிலிலேயே ஒரு உண்டியல் இருக்கும்.

முறை இப்படி: விளையாட்டு நிதிக்கு வருடாவருடம் நன்கொடை கொடுக்கவேண்டும். கொடுக்கக் கொடுக்க 'முன்னுரிமைப் புள்ளி' சேரும். புள்ளி வரிசைப்படி இருக்கை தேர்ந்தெடுக்கலாம். டிக்கெட் விலை தனி. நல்ல இருக்கைக்கு இருக்கை ஒன்றுக்கு இவ்வளவு என்று தனி நன்கொடையும் உண்டு. உதாரணத்துக்கு, ஆட்டம் 60 டாலர் என்று ஏழு ஆட்டத்துக்கு 420 டாலர் போட்டிருக்கும். அந்த இருக்கைக்கு 500 டாலர் நன்கொடை என்றால் ஆட்டத்துக்கு உண்மை விலை 131 டாலருக்கு மேல். டிக்கெட்டில் 60 என்றுதான் அச்சிட்டிருக்கும்.

இந்த ஏற்பாடு வளர்ந்ததற்கு ஒரு வரிச் சலுகையும் காரணம். 1988 முதல், டிக்கெட் வாங்கும் உரிமைக்காகக் கொடுத்த நன்கொடையில் 80 சதவீதத்தைத் தர்மக் கணக்கில் காட்டி வரியைக் குறைத்துக்கொள்ளலாம் என்று சட்டம் இருந்தது. ஃபுட்பால் பார்க்க நல்ல இடம் பிடிப்பது, அன்னதானம் போல ஒரு தர்மம்! 2017 வரிச் சட்டம் அதை எடுத்துவிட்டது. பழைய கணக்கை வைத்துக்கொண்டு "பாதி வரியில கழியும்" என்று அலுவலகத்தில் யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள். டிக்கெட் உரிமைக்கான அந்தத் தொகையில் இப்போது ஒரு சல்லிக்கும் கழிவில்லை.

மேல் செலவு ஏறத்தான் போகிறது. வீரர்கள் தொடுத்த வழக்கில் 2025 ஜூனில் நீதிமன்றம் ஏற்ற சமரசத்தின்படி, பல்கலைகள் விளையாட்டு வீரர்களுக்கு நேரடியாகவே பணம் கொடுக்கலாம். முதல் வருடத்துக்கு ஒரு பல்கலைக்கு உச்சவரம்பு சுமார் 2 கோடியே 5 லட்சம் டாலர். வீரர்களுக்குப் போகவேண்டிய பணம் போகட்டும், எனக்கு அதில் ஆட்சேபம் இல்லை. ஆனால் அந்தப் பணம் எங்கிருந்து வரும்? டென்னசி பல்கலை அதற்கு முன்பே, 2025 ஃபுட்பால் சீசன் டிக்கெட்டில் 10 சதவீதத்தைத் 'திறமைக் கட்டணம்' என்று வெளிப்படையாகவே சேர்ப்பதாக அறிவித்தது. ஒளித்து வாங்குவதைவிட இது மேல்.

நானும் மூன்று வருடம் கொடுத்துப் பார்த்தேன், எந்தப் பல்கலை என்று வேண்டாம். புள்ளிகள் சேர்ந்து எனக்குக் கிடைத்தது மூலையில், பாண்டு வாத்தியக் குழுவுக்குப் பக்கத்து வரிசை. ஆட்டத்தைவிட டியூபா என்ற பெரிய ஊதுகுழலை அதிகம் பார்த்தேன். செப்டம்பர் வெயிலில் ஒன்றுக்கும் உதவாத எதிரணியோடு இரண்டு ஆட்டம். அவற்றை விற்கப் போனால் வாங்கிய விலையில் பாதிகூட வரவில்லை. நிறுத்தலாமென்றால் சேர்த்த புள்ளி போய்விடுமே என்ற எண்ணம். அதுதான் இந்த முறையின் பெரிய மறைமுகச் செலவு: மனசில்லாமலே அடுத்த வருடமும் கட்டுவோம். நான்காவது வருடம் ஒருவழியாக விட்டேன்.

ஆனாலும் இது சரியாக வரும் ஆட்கள் இருக்கிறார்கள். வீடு வாங்கிவிட்டீர்கள், ஊரை விட்டுப் போகப்போவதில்லை, ஏழு சனிக்கிழமையும் போவீர்கள், இரண்டு குடும்பமாகச் செலவைப் பிரித்துக்கொள்வீர்கள் என்றால் இதைப்போல நிச்சயமான வழி வேறில்லை. பக்கத்து இருக்கைக்காரர்கள் பத்து வருடத்தில் உறவுக்காரர் மாதிரி ஆகிவிடுவார்கள்.

## மறுவிற்பனை

நம்மூரில் தியேட்டர் வாசலில் பிளாக்கில் வாங்கினால் போலீஸ் வருகிறதா என்று திரும்பிப் பார்த்துக்கொண்டே வாங்குவோம். இங்கே அது செயலியில் நடக்கிறது, பல பல்கலைகளே மறுவிற்பனைத் தளங்களோடு கூட்டு வைத்திருக்கின்றன. ஸ்டப்ஹப் என்ற மறுவிற்பனைத் தளம் 2000இல் வந்ததிலிருந்தே இந்தச் சந்தை பெருத்துக்கொண்டு வருகிறது. நுழைவுத் தகுதி என்று எதுவும் இல்லை. மாணவரா, நன்கொடையாளரா என்று யாரும் கேட்பதில்லை. காசு இருந்தால் போதும். இதைவிடத் திறந்த கதவும் இல்லை, இதைவிட மூடிய கதவும் இல்லை. எந்த ஆட்டம் என்பதைப் பொறுத்தது.

2022 மார்ச் 5 அன்று ஷெஷெஃப்ஸ்கி தன் சொந்த அரங்கில் கடைசியாகப் பயிற்சியாளராக நின்ற ஆட்டத்துக்கு மறுவிற்பனை விலை ஆயிரக்கணக்கான டாலருக்குப் போனது. (வட கரோலினா 94–81 என்று ஜெயித்து விழாவைக் கெடுத்தது வேறு கதை.) அது ஒரு எல்லை. மறு எல்லையை நானே பார்த்தேன். நவம்பர் மாத மழை, சீசனில் ஏற்கெனவே தோற்றுப்போன அணி. பார்க்கிங்கில் காருக்குள் நாலு பேரும் உட்கார்ந்திருந்தோம். ஆட்டத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பு 70 டாலருக்கு மேல் காட்டிய டிக்கெட், அரை மணி முன்பு 31 ஆனது. தொடங்கிப் பத்து நிமிடத்தில் 12. பையன் பின்சீட்டிலிருந்து, "அப்பா, இன்னும் குறையுமா?" என்றான். மனைவிக்குப் பொறுமை போய்விட்டது. "பார்க்கிங்குக்கு நாப்பது டாலர் குடுத்துட்டு, பன்னெண்டு டாலர் டிக்கெட்டுக்கு இவ்வளவு கணக்கா?" என்றாள். வாங்கிக்கொண்டு உள்ளே ஓடினோம்.

கட்டண விஷயத்தில் நிலைமை கொஞ்சம் தேவலை. முன்பெல்லாம் 50 டாலர் என்று காட்டிவிட்டுப் பணம் கட்டும் பக்கத்தில் 65 ஆக்குவார்கள். 2025 மே 12 முதல் நடைமுறைக்கு வந்த மத்திய வணிக ஆணைய விதிப்படி, கட்டாயக் கட்டணங்களைச் சேர்த்த மொத்த விலையை முதலிலேயே காட்டவேண்டும். கட்டணம் ஒழியவில்லை, ஒளிவுமறைவுதான் குறைந்தது. மென்பொருளை ஏவி டிக்கெட்டை அள்ளுவதற்கு எதிராக 2016இலேயே சட்டம் வந்துவிட்டது. ஆனால் சட்டப்படியே வாங்கி விற்கும் தரகர்களை அது ஒன்றும் செய்யாது.

கவனிக்கவேண்டியவை: திரைப்பிடிப்பாக யாராவது வாட்ஸ்அப்பில் அனுப்பும் பார்கோடை வாங்கவே வாங்காதீர்கள். டிக்கெட் உங்கள் கணக்குக்கு மாற்றப்பட்டு வரவேண்டும். 'மாணவர் டிக்கெட்' மலிவாகக் கிடைத்தால் வாசலில் மாணவர் அட்டை கேட்பார்களா, வித்தியாசத் தொகை கட்டி மாற்றவேண்டுமா என்று முதலில் பாருங்கள். கையில் இல்லாத டிக்கெட்டை விற்கிற ஆட்களும் உண்டு. வரிசை எண், இருக்கை எண் போடாத விளம்பரத்தை நான் தொடுவதில்லை.

## ஒரே பார்வையில்

| | வரிசை | குலுக்கல் | நன்கொடை + சீசன் | மறுவிற்பனை |
|---|---|---|---|---|
| பணம் | குறைவு | குறைவு | அதிகம், வருடாவருடம் | ஆட்டத்தைப் பொறுத்து |
| நேரம் | மிக அதிகம் | மிகக் குறைவு | குறைவு | குறைவு, பொறுமை வேண்டும் |
| நிச்சயம் | கடைசிவரை தங்கினால் அதிகம் | அதிர்ஷ்டம் | மிக அதிகம் | காசு இருந்தால் உண்டு |
| மறைமுகச் செலவு | தூக்கம், பாடம், குளிர் உபகரணம் | போகாவிட்டால் அடுத்த முறை வாய்ப்பு குறையலாம் | வேண்டாத ஆட்டங்கள், புள்ளி ஆசை | தளக் கட்டணம், மோசடி |
| கதவு மூடுவது | வேலைக்குப் போகிறவர், பெற்றோர், உடல்நலம் குறைந்தவர் | பெரும்பாலும் ஊர்க்காரர் | வருமானம் குறைந்தவர், புதிதாக வந்தவர் | பெரிய ஆட்டத்தில் எல்லாச் சாமானியரும் |

## அப்புறம், இன்னொரு வாசல்

எல்லாரும் ஃபுட்பாலையும் ஆண்கள் கூடைப்பந்தையும் மட்டுமே பார்த்துக்கொண்டிருப்பதால் மற்ற ஆட்டங்களில் இடம் காலியாகக் கிடக்கிறது. கைப்பந்து (வாலிபால்), பெண்கள் கால்பந்து, மல்யுத்தம், பேஸ்பால் என்று பல ஆட்டங்களுக்குச் சொற்பக் காசு. சில இடத்தில் இலவசம். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகிறவர்களுக்கு முதலில் இதைத்தான் சொல்வேன்.

ஆனால் ஒரு எச்சரிக்கை. 'பெண்கள் ஆட்டம்தானே, எப்போது வேண்டுமானாலும் கிடைக்கும்' என்ற காலம் சில ஊர்களில் முடிந்துவிட்டது. நட்சத்திர வீராங்கனை கெய்ட்லின் கிளார்க் ஆடிய 2023–24 சீசனுக்கு அயோவா பல்கலையின் பெண்கள் கூடைப்பந்துச் சீசன் டிக்கெட் எல்லாமே விற்றுத் தீர்ந்தது. நெப்ராஸ்காவில் 2023 ஆகஸ்ட் 30 அன்று பெண்கள் கைப்பந்தை ஃபுட்பால் மைதானத்தில் நடத்தினார்கள். வந்தவர்கள் 92,003 பேர். அத்தனை பேருக்கும் ஆசை இருந்திருக்கிறது, வழக்கமான அரங்கத்தில் இருக்கைதான் போதவில்லை. டிக்கெட்டைப் பங்கு போடுவதில் என்னதான் நியாயம் பார்த்தாலும், சில நேரம் பெரிய இடத்துக்கு மாற்றினாலே பாதிச் சண்டை தீர்ந்துவிடும்.

## யாருக்கு எது?

இளநிலை மாணவர் என்றால் ஒரு வருடம் வரிசை, மற்ற வருடம் குலுக்கல். முதுநிலை மாணவருக்கு, குழு சேர்ந்தால் குலுக்கல். தனி ஆள் என்றால் எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொண்டு கடைசி நிமிட மறுவிற்பனை. விசா, வேலை என்று எந்த ஊரில் நிலைப்போம் என்றே தெரியாதவர்கள் நன்கொடைப் புள்ளிப் பக்கம் போகவே வேண்டாம். புள்ளி அடுத்த ஊருக்கு வராது. ஊரிலிருந்து அப்பா அம்மா வந்திருக்கிறார்கள், ஒரே ஒரு ஆட்டம் காட்டவேண்டும் என்றால் சுமாரான எதிரணி, அக்டோபர் மதியம், மறுவிற்பனையில் நிழல் பக்கத்து இருக்கை. மைதானத்துக்குள் பை கொண்டுபோக விடுவதில்லை, பல இடத்தில் உள்ளே தெரிகிற பிளாஸ்டிக் பைக்கு மட்டுமே அனுமதி. அம்மாவின் தோல் கைப்பையையும் அதிலிருக்கும் சம்படத்தையும் காரிலேயே வைத்துவிடச் சொல்லுங்கள்.

பதினோரு வருட நண்பர் சீசன் டிக்கெட் வேண்டாமென்று கைப்பந்துக்குப் போனார், மகளுக்கு இப்போது அதில் பைத்தியம். அக்கா மகன் எட்டுப் பேர் குழுவில் சேர்ந்துவிட்டான். அதில் இரண்டு பேர் தெலுங்குப் பையன்கள், ஒருவரிடம் கார் இருக்கிறதாம். நேற்று மறுபடி கூப்பிட்டான். "மாமா, லாரி வாடகையை எட்டாப் பிரிச்சா கூடாரம் வாங்குறதைவிடக் கம்மி. ஆனா ராத்திரி ஊதல் ஊதினா லாரிக்குள்ள கேக்குமா?"

ஒருவரை வெளியில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள் என்றேன்.